அடிகனமான பாத்திரம்

எங்கள் வீட்டில் சமைக்க வரும் அக்காவின் மிக்ஸி போன மாதம் புகைந்துபோனது. மூன்று வருடத்தில் இரண்டாவது. தெருமுனைக் கடையில் 1,800 ரூபாய்க்கு வாங்கியது, ஒன்றரை வருடம் ஓடியிருக்கிறது. அதற்கு முந்தையதும் அப்படித்தான்.

கேட்டதும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “அக்கா, 5,000 ரூபாய்க்கு நல்ல மிக்ஸி ஒண்ணு வாங்கிட்டா பத்து வருஷம் ஓடும். நீங்க வாங்குற மாதிரி வாங்கினா பத்து வருஷத்துல ஏழு மிக்ஸி. 12,600 ரூபா!” போனில் கால்குலேட்டரைத் திறந்து காட்டவும் செய்தேன்.

அவர் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. “அஞ்சாயிரம் கையில இருந்தா அத எதுக்குத் தம்பி மிக்ஸில போடுறேன்? ஸ்கூல் பீஸுக்குத் தண்டல் எடுக்காம இருப்பேன்ல?”

‘அவ்ளோ காசு ஏது தம்பி’ என்று சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும், பாவம் என்று நினைத்துவிட்டு ஆபீஸ் கிளம்பியிருப்பேன். அவர் சொன்னது வேறு. காசு இருந்தாலும் வாங்க மாட்டேன் என்கிறார். என் கணக்கில் எங்கோ தப்பு இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

நான் ஒப்பித்தது என் சொந்தச் சரக்கு இல்லை. டெர்ரி பிராட்செட் 1993-ல் எழுதிய ‘மென் அட் ஆர்ம்ஸ்’ நாவலில் சாம் வைம்ஸ் என்று ஒரு காவல் அதிகாரி வருவார். மாதம் 38 டாலர் சம்பளம். நல்ல தோல் பூட்ஸ் 50 டாலர், வருடக்கணக்கில் உழைக்கும். அவரால் வாங்க முடிவதோ 10 டாலர் பூட்ஸ். ஒன்றிரண்டு பருவத்தில் அடி தேய்ந்து தண்ணீர் உள்ளே வரும். பத்து வருடத்தில் ஏழை நூறு டாலர் செலவழித்திருப்பான், கால் அப்போதும் ஈரமாகவே இருக்கும். பணக்காரர்கள் பணக்காரர்களாக இருப்பதே குறைவாகச் செலவழிப்பதால்தான் என்று வைம்ஸ் முடிவுக்கு வருகிறார். என்னைப் போன்ற கம்ப்யூட்டர் ஆட்களுக்கு இந்த ‘பூட்ஸ் கோட்பாடு’ ரொம்பப் பிடிக்கும். சுருக்கமானது, எண்கள் இருக்கின்றன, சொன்னால் முற்போக்காகவும் தெரியும்.

இது பிராட்செட்டுக்கு முன்பே இருந்த எண்ணம்தான். ராபர்ட் டிரெஸ்ஸல் என்ற பெயரில் எழுதிய ஒரு வீட்டுப் பெயின்டர், மலிவான பூட்ஸும் துணியும் வாங்கித் தொழிலாளி எப்படி நஷ்டப்படுகிறான் என்று தன் நாவலில் எழுதினார். அவர் இறந்து மூன்று வருடம் கழித்து, 1914-ல்தான் அது அச்சானது. அந்த நாவலைப் பற்றித் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அதற்கு ஒரு வருடம் முன்னால் வந்த இன்னொரு புத்தகம் கண்ணில் பட்டது. நாவல் இல்லை, கணக்குப் புத்தகம். அக்காவின் பதிலுக்கு அதில்தான் பிடி கிடைத்தது.

புத்தகத்தின் பெயர் ‘ரவுண்ட் அபௌட் எ பவுண்ட் எ வீக்’. வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு பவுண்டு. எழுதியவர் மாட் பெம்பர் ரீவ்ஸ். நியூசிலாந்தில் வளர்ந்தவர், அங்கே 1893-ல் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்த போராட்டத்தின் காலத்தில் வாழ்ந்துவிட்டு, கணவருடன் லண்டனுக்கு வந்தவர். 1908-ல் அவர் முன்னின்று தொடங்கிய ஃபேபியன் மகளிர் குழு, மறு வருடமே தேம்ஸ் நதிக்குத் தெற்கே லாம்பெத் பகுதியில் வீடு வீடாகப் போக ஆரம்பித்தது. பிள்ளை பெறப்போகும் பெண்களுக்கு, குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை சத்துணவுக்கென்று வாரம் 5 ஷில்லிங் கொடுப்பார்கள். குழந்தையின் எடையை ஒரு டாக்டர் பார்ப்பார். பதிலுக்கு அந்தப் பெண் ஒவ்வொரு வாரமும் வீட்டுச் செலவை எழுதிக் காட்ட வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொல்ல, குழுப் பெண்கள் எழுதிக்கொண்டார்கள். சில வீடுகளில் கணவரோ பள்ளிக்கூடம் போகும் பிள்ளையோ எழுதிக்கொடுத்தார்கள். நான்கு வருடம் இது நடந்தது.

இவர்கள் பரம ஏழைகள் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கணவன்மாருக்கு வேலை இருந்தது: பெயின்டருக்குக் கையாள், பிளம்பருக்குக் கையாள், அச்சகத் தொழிலாளி, மீன் பொரிப்பவர், ரயில் பெட்டி கழுவுபவர். வாரக் கூலி 18-லிருந்து 30 ஷில்லிங். (ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ்.) குடித்து அழிப்பவர்கள் இல்லை. மனைவிமார் ஊதாரிகள் இல்லை. அன்றைய லண்டன் மேல்தட்டில் ஒரு நம்பிக்கை உண்டு: ஏழைப் பெண்களுக்குச் சிக்கனம் தெரியாது, சமைக்கத் தெரியாது, சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடும். வெங்காயம் நறுக்கும் ஒருவரிடம் கால்குலேட்டரை நீட்டும் அதே நம்பிக்கை. அது எவ்வளவு அபத்தம் என்பதை ரீவ்ஸ் கணக்கு நோட்டுகளைக் கொண்டே காட்டினார்.

முதலில் வாடகை. வருடம் 2,000 பவுண்டு வருமானமுள்ள வசதிக்காரர் வாடகைக்கும் வரிக்கும் 250 பவுண்டு கொடுப்பார், அதாவது எட்டில் ஒரு பங்கு. 500 பவுண்டுக்காரர் 85 கொடுப்பார், ஆறில் ஒரு பங்கு. வாரம் 24 ஷில்லிங் சம்பாதிப்பவர் 8 ஷில்லிங் கொடுக்கிறார். மூன்றில் ஒரு பங்கு. அந்த 8 ஷில்லிங்குக்குக் கிடைக்கும் அறைகளின் அளவையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு கன அடி இடத்துக்கு ஏழை கொடுப்பது வசதிக்காரர் கொடுப்பதைவிட அதிகம்.

அடுத்து எரிபொருள். டன் கணக்கில் நிலக்கரி வாங்கினால் மலிவு. டன் கணக்கில் வாங்க மொத்தமாகப் பணம் வேண்டும், கொட்டி வைக்க இடம் வேண்டும். இரண்டு அறையில் எட்டுப் பேர் இருக்கும் வீட்டில் எங்கே கொட்டுவது? ஆகவே சிறு மூட்டையாக, அதற்கும் முடியாத வாரத்தில் இன்னும் சிறிய அளவில். கேஸுக்குக் காசு போடும் மீட்டர். தெற்கு லண்டனில் 1892-லிருந்தே இந்த ஒரு பென்னி மீட்டர்கள் வர ஆரம்பித்தன. வாசலில் பில் வராது, இருக்கிற பென்னியைப் போட்டால் அடுப்பு எரியும், தீர்ந்தால் அணையும். ஏழை வீட்டுக்கு கேஸ் வந்ததே இதனால்தான், மறுக்க முடியாது. ஆனால் அதே கேஸுக்கு பில் கட்டும் வீட்டைவிட விலை கூடுதல். அடுப்பும் குழாயும் கம்பெனி போட்டுக்கொடுத்த செலவு அந்த விலையில் ஒளிந்திருந்தது. இது பழங்கதை என்று நினைத்தேன். பிரிட்டனில் முன்பணம் போடும் மீட்டர்காரர்கள் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருந்ததை அரசு தலையிட்டுச் சரிசெய்தது 2023-ல்!

பூட்ஸும் நோட்டில் வருகிறது. துணிமணிச் செலவில் பெரும்பகுதி பூட்ஸ்தான். மொத்தமாக யாராலும் வாங்க முடியாது என்பதால் ‘பூட்ஸ் கிளப்’பில் வாரம் சில பென்ஸ் கட்டுகிறார்கள். நம் ஊர் தீபாவளிச் சீட்டு, பாத்திரச் சீட்டு மாதிரி. கிழிந்தால் அப்பாக்கள் இரவில் உட்கார்ந்து தைக்கிறார்கள்.

எனக்குப் படிக்கவே கஷ்டமாக இருந்த பக்கம் வேறு. ஒவ்வொரு வீட்டு நோட்டிலும் ஈமச் சடங்குக் காப்பீடு என்று ஒரு வரி வரும். குழந்தை ஒன்றுக்கு வாரம் ஒரு பென்னி. பாலுக்குக் காசில்லாத வீட்டில் சாவுக்கு முன்பணம் கட்டுகிறார்களே என்று சீர்திருத்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ரீவ்ஸ் ஒரு குழந்தையின் அடக்கச் செலவை அப்படியே எடுத்துப் போடுகிறார். அடக்கம் 1 பவுண்டு 12 ஷில்லிங். இறப்புச் சான்றிதழ், குழிவெட்டுபவர்கள், வண்டிக்காரர்கள், உடலைக் குளிப்பாட்டிக் கிடத்திய பெண் என்று வரிசையாகப் போகிறது. பூ 6 பென்ஸ். அப்பாவுக்குக் கறுப்பு டை ஒரு ஷில்லிங். மொத்தம் 2 பவுண்டு 1 ஷில்லிங் 9 பென்ஸ். இரண்டு வாரக் கூலி. குழந்தைகள் இறப்பது அபூர்வமாக இல்லாத தெருவில், வாரம் ஒரு பென்னி கட்டாதவர் அந்த இரண்டு வாரக் கூலியை எங்கே போய்ப் புரட்டுவார்? பிச்சைக்காரப் பிணமாகப் போகவிடுவதா? கொடுமை என்னவென்றால் வேலை போன மாதத்தில் தவணை தவறினால் அதுவரை கட்டியதும் போச்சு.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு கஞ்சிக் கதை இருக்கிறது. அதற்காகவே இந்தப் புத்தகத்தை நண்பர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ரொட்டியையே தின்கிறார்களே, ஓட்ஸ் கஞ்சி காய்ச்சிக் குடித்தால் மலிவு, சத்தும் கூட என்பது அந்தக் காலத்தின் பிரபலமான அறிவுரை. குழுப் பெண்களும் ஆரம்பத்தில் அதைத்தான் சொன்னார்கள். லாம்பெத் பெண்கள் தலையாட்டிவிட்டு, எங்க வீட்டில் யாரும் தொட மாட்டார்கள் என்றார்கள். ஏன் என்று ரீவ்ஸ் மெதுவாக விசாரித்துப் பார்க்கிறார். அன்றைய ஓட்ஸ் நெடுநேரம் கொதிக்க வேண்டும். அத்தனை நேரம் எரிக்க கேஸ் மீட்டருக்குப் பென்னி வேண்டும். பக்கத்திலேயே நின்று கிண்ட வேண்டும். கையில் குழந்தை, காலடியில் இன்னொன்று. வீட்டில் இருப்பது ஒரு கெட்டில், ஒரு வாணலி, இரண்டு பாத்திரம். இரண்டும் தீய்ந்த பாத்திரங்கள். மெல்லிய தகரம், கஞ்சி வைத்தால் அடிபிடிக்கும். நேற்று மீன் வைத்ததும் அதில்தான், வாசனை போகாது. கடைசியில் ஊற்றிக்கொள்ளப் பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. தீய்ந்த, மீன் வாசனை அடிக்கும், பாலில்லாத கஞ்சியைப் பிள்ளைகள் துப்பினார்கள். ரொட்டிக்குப் பாத்திரம் வேண்டாம், அடுப்பு வேண்டாம், கிண்ட வேண்டாம், தட்டுகூட வேண்டாம். ஆகவே ரொட்டி.

ஓட்ஸ் மலிவாகத் தெரிவது, அடிகனமான பாத்திரம் ஏற்கெனவே வீட்டில் இருப்பவர்களுக்கு. சரி, அப்படியானால் அந்தப் பாத்திரத்தை வாங்கிவிட வேண்டியதுதானே? இங்கேதான் நான் மறுபடி வைம்ஸுக்கே போய்விடுகிறேன் பாருங்கள். நல்ல பாத்திரம் வாங்கிவிட்டால் காலத்துக்கும் லாபம். நல்ல மிக்ஸி வாங்கிவிட்டால் பத்து வருடம்.

அந்தக் கால இங்கிலாந்தில் வீட்டில் கனமான பொருள் ஒன்று இருந்தால் அதற்கு இன்னொரு பயன் உண்டு: அடகு. திங்கட்கிழமை காலை ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை அடகு வைப்பது, சனிக்கிழமை கூலி வந்ததும் மீட்பது, மறுபடி திங்கள். 1872-ன் அடகுச் சட்டம் வட்டியை இப்படி நிர்ணயித்தது: 2 ஷில்லிங்குக்கு மாதம் அரை பென்னி, ஒரு வாரத்தில் மீட்டாலும் முழு மாத வட்டிதான். 10 ஷில்லிங் வரை சீட்டுக்கு அரை பென்னி. பார்க்க ஒன்றுமே இல்லாத தொகை. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 10 ஷில்லிங்குக்கு ஒரு கோட்டை அடகு வைத்தால் வட்டி இரண்டரை பென்னி, சீட்டு அரை பென்னி, ஆக வாரம் 3 பென்ஸ். வருடம் முழுக்க இப்படிச் சுற்றினால் 156 பென்ஸ், அதாவது 13 ஷில்லிங். 10 ஷில்லிங் கடனுக்கு, சட்டப்படி, 13 ஷில்லிங் வட்டி. 130 சதவீதம்.

இந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் அக்கா சொன்னது உறைத்தது. நான் மிக்ஸியின் விலையை மட்டும் பார்த்தேன். அவர் பணத்தின் விலையைப் பார்த்தார்.

தண்டல் தெரியாதவர்களுக்காக: 10,000 ரூபாய் கடன் என்றால் கையில் தருவது 9,000. முன்னாலேயே 1,000 பிடித்துக்கொள்வார்கள். பிறகு நாளுக்கு 100 ரூபாய், 100 நாள். பத்து சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் 9,000 ரூபாயும் 100 நாள் நம் கையில் இருப்பதில்லை, முதல் நாளிலிருந்தே திருப்பிக் கொடுக்க ஆரம்பித்துவிடுகிறோம். அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் வருடத்துக்கு ஏறத்தாழ 78 சதவீதம்.

இப்போது மிக்ஸி. ஒன்றரை வருடம் கழித்து வாங்கப்போகும் இரண்டாவது மிக்ஸிக்கு 1,800 ரூபாய் வேண்டும். எனக்கு வங்கி வைப்பில் 7 சதவீதம் வட்டி வரும் என்றால் இன்று 1,626 ரூபாய் போட்டுவைத்தால் போதும், அது 1,800 ஆகிவிடும். இப்படியே ஏழு மிக்ஸிக்கும் இன்றைய மதிப்பைக் கூட்டினால் எனக்கு 9,500 ரூபாய் வருகிறது. 5,000 ரூபாய் மிக்ஸி எனக்குக் கொள்ளை லாபம். அக்காவுக்கு? வருடம் முழுக்கத் தண்டல் சுழற்சியில் இருக்கும் ஒருவர் கையில் 758 ரூபாய் கூடுதலாக இருந்து, அந்த அளவுக்குக் கடன் எடுக்காமல் தப்பித்தால், ஒன்றரை வருடத்தில் அது 1,800 ரூபாய்க்குச் சமம். ஏழு மிக்ஸியையும் இப்படிக் கூட்டினால் 3,100 ரூபாய்தான். அவரைப் பொறுத்தவரை மலிவு மிக்ஸிகள் ஏழும் சேர்ந்து 3,100, நல்ல மிக்ஸி 5,000.

அதாவது அவர் வாங்குவதுதான் சரி. நான் சொன்னதைக் கேட்டிருந்தால் நஷ்டப்பட்டிருப்பார்.

எந்த வட்டிக்கு மேல் இது தலைகீழாகிறது என்றும் பார்த்தேன், விடுவேனா. ஏறத்தாழ 32 சதவீதம். அதற்குக் கீழே கடன் கிடைப்பவருக்கு உழைக்கும் பொருள் லாபம், மேலே இருப்பவருக்கு மலிவுப் பொருள் லாபம். வைம்ஸின் பூட்ஸில் இந்த இடம் விடுபட்டிருக்கிறது. அவருக்கு 50 டாலர் சேரவில்லை என்பது மட்டும்தான் பிரச்சினை மாதிரி நாவல் சொல்கிறது. சேர்ந்திருந்தாலும், அந்த 50 டாலர் பூட்ஸில் போய் உட்கார்வதைவிட அவசரமான இடங்கள் இருந்திருக்கும்.

ஒரு இடைச்செருகல். சிறிய பொட்டலம் என்றாலே ஏழைக்கு நஷ்டம் என்று பொதுவாகச் சொல்லிவிடவும் முடியாது. ஷாம்பூவைப் பாக்கெட்டில் அடைத்து விற்பதில் முன்னோடி நம் கடலூர்க்காரர் சின்னிகிருஷ்ணன். இன்றைக்கும் கடையில் ஒரு ரூபாய்ப் பாக்கெட்டையும் பெரிய பாட்டிலையும் மில்லி கணக்கில் ஒப்பிட்டுப் பாருங்கள், பல சமயம் பாக்கெட்தான் மலிவு. போட்டி அந்த ஒரு ரூபாயில்தான் நடக்கிறது. அரிசிக்கும் வாடகைக்கும் கடனுக்கும் அப்படி யாரும் போட்டி போடுவதில்லை.

சில்லறையாக வரும் பணத்தை மொத்தப் பணமாக மாற்றுவதுதான் சிக்கல் என்பதை லாம்பெத்துக்கு 65 வருடம் முன்பே சிலர் புரிந்துகொண்டிருந்தார்கள். வடக்கு இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் 1844 டிசம்பர் 21 அன்று, டோட் லேன் தெருவில் 28 பேர் தொடங்கிய கூட்டுறவுக் கடை. மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ், மெழுகுவத்தி, அவ்வளவுதான் சரக்கு. கலப்படம் கிடையாது, எடை சரியாக இருக்கும் என்பது அவர்களுடைய பெருமை. எனக்கு முக்கியமாகப் படுவது லாபப் பங்கு முறை. வாங்கிய அளவுக்கு ஏற்ப, காலாண்டுக்கு ஒருமுறை லாபத்தை உறுப்பினர்களுக்கே பிரித்துக் கொடுத்தார்கள். சர்க்கரை வாங்கும் போதெல்லாம் சில பென்ஸ் தன்னால் சேர்ந்து, மூன்று மாதத்தில் ஒரு தொகையாகக் கைக்கு வரும். யாரிடமும் வட்டிக்கு நிற்காமல் வந்த மொத்தப் பணம். பின்னால் பல ஊர்களில் பிள்ளைகளின் பூட்ஸ் அந்தப் பணத்தில்தான் வந்தது.

ஆனால் ராச்டேல் விதி ஒன்று: கடன் கிடையாது, கைக்காசுதான். கடனில் மூழ்கிப்போன பல கடைகளைப் பார்த்தவர்கள் போட்ட விதி, தப்பென்று சொல்ல மாட்டேன். வியாழக்கிழமையே கூலி தீர்ந்துவிடும் வீட்டுக்காரி அந்தக் கடைக்குள் நுழைய முடியாது, அவ்வளவுதான். மூலைக் கடைக்காரர் கடன் கொடுப்பார், விலையையும் ஏற்றிப் போடுவார். மகளிர் கூட்டுறவுச் சங்கப் பெண்கள் இந்த ஓட்டையைக் கவனித்து, 1902-ல் சண்டர்லாந்து நகரின் ஏழைத் தெரு ஒன்றில் சிறு சிறு அளவில் சரக்கும் மலிவுச் சூப்பும் விற்கும் கூட்டுறவுக் கடையைத் திறக்கவைத்தார்கள். கூட்டம் வந்தது. இரண்டே வருடத்தில் அந்த ஏற்பாட்டை முடித்துவிட்டார்கள்.

ரீவ்ஸ் தன் புத்தகத்தின் கடைசியில் எந்தச் சமையல் குறிப்பும் தரவில்லை. குறைந்தபட்சக் கூலி வேண்டும், பிள்ளைகளைக் காக்கும் பொறுப்பை அரசு ஏற்க வேண்டும் என்று எழுதினார். பக்கம் பக்கமாகக் கூட்டல் கழித்தல் போட்டுவிட்டு, இந்தப் பெண்களின் கணக்கில் பிழை இல்லை, வரவில்தான் பிழை என்று அவர் வந்து சேர்ந்த இடம் அது. 1913-ல் அதைச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும்.

போன வாரம் அக்காவிடம் 5,000 ரூபாய் கொடுத்தேன். வட்டி வேண்டாம், மாதம் 500 கழித்துக்கொள்ளலாம், இந்த முறையாவது நல்ல மிக்ஸியாக வாங்குங்கள் என்றேன். இவ்வளவு படித்த பிறகும் ‘நல்ல மிக்ஸியாக’ என்று சேர்த்துச் சொன்னதை நானே கவனித்தேன். அவர் பணத்தை எண்ணி, சேலை முந்தானையில் முடிந்துகொண்டார்.

நேற்று கேட்டேன், மிக்ஸி எப்படி ஓடுது என்று.

“பெரியவளுக்கு ரெண்டாவது டேர்ம் பீஸ் கட்டிட்டேன் தம்பி. இந்த வாட்டி தண்டல்காரன் வூட்டுப் பக்கமே போவல.”

“சட்னிக்கு?”

“அம்மி இருக்குல்ல.”